உராய்வு என்றொரு குற்றவாளி: 'சுழல்' முதல் எபிசோடை முன்வைத்து

(விருதுநகரில் இளைஞர்கள் கூடிய ஒரு திரையிடல், உரையாடல் நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்.)



'சுழல்' தொடரின் முதல் எபிசோடை இப்போதுதான் எல்லோரும் சேர்ந்து பார்த்து முடித்தோம். அதன் நிறை, குறைகளைப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் திரை விமர்சகன் இல்லை. சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன். என் அம்மா இன்றைக்கும் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்தவன் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே தகுதி.

முதலில் அறிமுகம். 'சுழல்' 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. மொத்தம் 8 எபிசோடுகள். எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கர் காயத்ரி. இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போனது. தமிழில் எடுத்த ஒரு குற்றத் தொடர் அவ்வளவு தூரம் போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். இரண்டாவது சீசன் 2025 பிப்ரவரியில் வந்தது. நாம் இன்று பேசப்போவது முதல் சீசனின் முதல் எபிசோடை மட்டும்தான். ஆனால் ஓரிடத்தில் முடிவைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் நடக்கிறது. ஊருக்குச் சோறு போடுவது ஒரு சிமெண்ட் ஆலை. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். காவல் ஆய்வாளர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. உதவி ஆய்வாளர் சக்கரையாகக் கதிர். சண்முகத்தின் மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. ஆலைக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல். ஒரே இரவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன: ஆலை தீப்பற்றி எரிகிறது, சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். இந்த இரண்டு கேள்விகளையும் நம் கையில் கொடுத்துவிட்டு எபிசோடு நம்மை அடுத்ததற்கு இழுத்துப் போகிறது.

நிறைகளைக் கஞ்சத்தனம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் நிறை, கதை நடக்கும் இடம். நம்முடைய குற்றக் கதைகள் பெரும்பாலும் சென்னை அடுக்குமாடியிலோ பணக்கார பங்களாவிலோதான் தொடங்கும். இங்கே ஓர் ஆலை வாசலில் தொடங்குகிறது. தொழிற்சங்கம் என்றாலே வசூல் கும்பல் என்று காட்டிப் பழகிய சினிமா நம்முடையது. இங்கே சங்கத் தலைவர் ஒரு முழு மனிதர். கோபக்காரர், பிடிவாதக்காரர், மகளைப் பறிகொடுத்த தகப்பன். அவரைப் புனிதராகவும் ஆக்கவில்லை, பொறுக்கியாகவும் ஆக்கவில்லை.

இரண்டாவது, காவல் நிலையத்தின் தலைமையில் ஒரு பெண். அவரைக் கவர்ச்சிக்கோ கண்ணீருக்கோ வைக்காமல் அதிகாரத்தின் ஆளாகவே வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் மீது தடியைத் தூக்கும்போது பெண் என்பதால் தடி மென்மையாகிவிடாது என்பதை எபிசோடு அறிந்திருக்கிறது.

மூன்றாவது, ஆலைத் தீயையும் பெண் காணாமல் போனதையும் ஒரே முடிச்சில் கட்டியது. சின்ன ஊரில் எதுவும் தனியாக நடப்பதில்லை. கூலிப் பிரச்சினையும் குடும்பப் பிரச்சினையும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

நான்காவது நிறைக்குத்தான் முடிவைத் தொட வேண்டியிருக்கிறது. கடைசியில் குற்றவாளி வெளியூர்க்காரனோ, குடிசைப் பகுதி ஆளோ, வடநாட்டுத் தொழிலாளியோ இல்லை. வீட்டுக்குள்ளேயே, எல்லோரும் மதிக்கும் உறவுக்குள்ளேயே இருக்கிறான். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பெரும்பாலும் தெரிந்தவர்களால்தான் நடக்கிறது என்ற உண்மையை ஒரு வெகுமக்கள் தொடர் இவ்வளவு நேராகச் சொன்னது பெரிய விஷயம். 'அந்நியன்தான் ஆபத்து' என்ற பழைய பொய்யை அது உடைத்தது. இதற்காகவே இந்தத் தொடரை நான் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அதை என் அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

இந்த எபிசோடை முதல் தடவை பார்த்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரி முடிந்து வந்த கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பொடி சோப்புக்குச் சீக்கிரம் போகாது. ஆலை எரியும் காட்சி வந்தது. மிக நன்றாக எடுக்கப்பட்ட காட்சி. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டார்: "ஏய்யா, எந்த ரூமுல புடிச்சிச்சு?"

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, இது சிமெண்ட் ஃபேக்டரிம்மா. ரூமெல்லாம் கிடையாது" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பட்டாசு ஆலையை அறியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆலை என்பது ஒரே கட்டடம் இல்லை. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, பொட்டல் காட்டில் சிதறி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. மருந்து கலக்கும் அறை வேறு, செலுத்தும் அறை வேறு, திரி வைக்கும் அறை வேறு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. சத்தம் கேட்டால் ஊர் கேட்கும் முதல் கேள்வி 'யார் வைத்தது' என்பதில்லை. 'எந்த ஆலை, எந்த ரூம்' என்பதுதான். அந்த ரூமில் இன்றைக்கு யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்குள் போன் அடிக்கத் தொடங்கியிருப்போம்.

அம்மாவின் கேள்விக்கும் எபிசோடின் கேள்விக்கும் உள்ள தூரத்தில்தான் இந்தத் தொடரின் முதல் குறை இருக்கிறது. எபிசோடுக்குத் தீ ஒரு புதிர். யாரோ ஒருவர் வைத்திருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடித்தால் கணக்கு முடியும். எங்களுக்குத் தீ புதிர் இல்லை. அது ஓர் ஏற்பாட்டின் விளைவு. யாரும் தீக்குச்சி உரசுவதில்லை. ஆனாலும் வருடந்தோறும் சாகிறோம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி. கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். முதல் தீயைப் பார்த்து உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அந்த ஆலையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அப்போதே செய்திகள் வந்தன. 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20 பேருக்கு மேல். ஆலையைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வந்தது. 2023 அக்டோபர் 17. ரெங்கபாளையம். 13 பேர், பெரும்பாலும் பெண்கள். 2024 பிப்ரவரி 17. வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டி. 10 பேர். நான்கை மட்டும் சொல்கிறேன். இடையில் ஒருவர், இருவர் என்று இறந்தவர்கள் உள்ளூர்ப் பக்கத்தோடு போனார்கள்.

மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். எந்த வருடத்துச் செய்தியானாலும் வாசகம் ஒன்றுதான். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. தலைவர்கள் இரங்கல். நிதியுதவி அறிவிப்பு. போர்மேன் கைது. உரிமையாளரைப் போலீசார் தேடி வருகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் நிரந்தரக் குற்றவாளியின் பெயர் உராய்வு. இத்தனை வருடமாகியும் அவரைக் கைது செய்ய முடியவில்லை.

உராய்வு தானாக வருவதில்லை. பீஸ் கணக்கில் கூலி என்றால் கை வேகமாகத்தான் ஓடும். தீபாவளி ஆர்டர் நெருங்கினால் நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாவிட்டால் வேலை மரத்தடிக்கு வரும். முந்தின நாள் மிஞ்சிய கலவை ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதனால் அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சியதை அழிக்க வேண்டும். இது தொழிலின் பால பாடம். ஆனால் மிஞ்சியதை அழிப்பது குத்தகைக்காரருக்கு நட்டம். உரிமம் ஒருவர் பெயரில், நடத்துகிறவர் இன்னொருவர், அறைகளை எடுத்தவர் மூன்றாமவர். இத்தனை பேரும் சேர்ந்து உண்டாக்குவதற்குப் பெயர்தான் உராய்வு.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் சின்னம்மா இப்படி ஒரு வெடிப்பில் இறந்தார். எந்த ஆலை, எந்த வருடம் என்பது இங்கே வேண்டாம். அப்போது நான் பத்தாம் வகுப்பு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மூன்றாவது நாள் முடிந்துவிட்டது. அந்த வழக்கில் உடனடியாகக் கைதானவர் போர்மேன். அவர் எங்கள் தெருக்காரர். எங்கள் ஆள். நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்.

ஜாமீனில் வந்த பிறகு அவரைத் தெருவில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மனதில் அவர்தான் கொலைகாரர். டிவியில் பார்த்த எல்லாக் குற்றக் கதைகளும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தன: சாவு நடந்தால் கொன்றவன் ஒருவன் இருப்பான், போலீஸ் பிடித்தவன்தான் அவன். ஏழெட்டு வருடம் அவரோடு பேசவில்லை.

கல்லூரி முடித்து வந்த பிறகு ஒருநாள், டீக்கடையில், அவராகவே பேசினார். "மாப்ளை, அன்னைக்கு ரெண்டு பங்கு மருந்து கலக்கச் சொல்லி ஆளு வந்துச்சு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா மறுநா வேற ஒருத்தன் போர்மேனா வந்திருப்பான். மருந்து அதே ரெண்டு பங்குதான் கலந்திருக்கும். ஆனா நான் சொல்லியிருக்கணும்." அவ்வளவுதான். அவர் தன்னைக் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்கும் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மருந்தைத் தொட்டவர்கள் எங்கள் தெரு. செத்தவர் எங்கள் தெரு. சிறைக்குப் போனவரும் எங்கள் தெரு. லாபம் மட்டும் எங்கள் தெரு வழியாகப் போகவே இல்லை. இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு என்ன பெயரில் சொல்வது?

சிவகாசி வட்டாரத்தில் மருந்தோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் நிலமில்லாத பிற்படுத்தப்பட்ட மக்களும். அதிலும் பெண்கள் மிக அதிகம். வானம் பார்த்த பூமி. அந்தப் பூமியும் பலருக்குச் சொந்தமில்லை. வேலையின் ஆபத்து யாரிடம் போய்ச் சேரும் என்பதை நிலம் யாரிடம் இல்லை என்பது முன்பே தீர்மானித்துவிடுகிறது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே அடுக்கிப் பிரித்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். எங்கள் ஆலைகளில் அந்த அடுக்கை அறை அறையாகப் பார்க்கலாம். என் அம்மா வேலை பார்த்த இடங்களில் கணக்கு எழுதும் அறையில் எங்கள் தெருக்காரர் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை.

இந்த ஊருக்குத் தீயின் வரலாறு புதிதும் இல்லை. 1899 ஜூன் 6 அன்று சிவகாசியைக் கும்பல் சூறையாடியது. கோவிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அன்று ஒடுக்கப்பட்டவர்களாக இருந்தவர்கள் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றினார்கள். நான் அந்த எழுச்சியை மதிக்கிறேன். கோவில் கதவு மூடப்பட்டவர்கள் தங்கள் உழைப்பால் தொழில் கதவைத் திறந்தது சாதாரணமில்லை. ஆனால் ஒரு சாதி மேலே ஏறுவதும் சாதி ஒழிவதும் ஒன்றல்ல. ஏறியவர்கள் போன பிறகும் ஏணியின் கீழ்ப்படிகளில் ஆட்கள் நின்றார்கள். தீ அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் ஒரு சிமெண்ட் ஆலைக் கதையில் காட்ட முடியுமா என்று கேட்பீர்கள். காட்ட வேண்டாம். ஆனால் எரிந்த ஆலையின் தொழிலாளிகளில் நான்கு பேருக்காவது முகமும் பெயரும் வீடும் இருந்திருக்கலாம். முதல் எபிசோடில் சங்கத் தலைவரை அறிகிறோம். ஆய்வாளரை அறிகிறோம். முதலாளியை அறிகிறோம். தொழிலாளர்கள் கோஷம் போடும் கூட்டமாகவே நிற்கிறார்கள். கூட்டத்துக்குச் சாதி இல்லை, பசி இல்லை, அடுத்த நாள் இல்லை.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். நிலா காணாமல் போகிறாள். பதின்வயதுப் பெண். இந்தத் தென்மாவட்டங்களில் ஒரு பெண் காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போனால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். பையன் யாரும் உண்டா? அடுத்த கேள்வி: பையன் என்ன ஆளுக? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் தேடுதலின் வேகம், தெருவின் கொதிப்பு, பெண்ணின் உயிர் எல்லாமே.

நான் இந்த எபிசோடை இரண்டு முறை பார்த்தேன். அந்தக் கேள்வி என் காதில் விழவே இல்லை. சாம்பலூரில் மதம் இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது, சாமி இருக்கிறது. சாதி மட்டும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. இது 'சுழல்' மட்டும் செய்யும் காரியம் இல்லை. நம்முடைய பெரும்பாலான குற்றத் தொடர்கள் கொலையை விலாவாரியாகக் காட்டும், பிணவறையைக் காட்டும். சாதிப் பெயரைச் சொல்ல மட்டும் நா எழாது.

சாதியைக் காட்டினால் விறுவிறுப்புப் போய்விடுமா? உண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை என்ன செய்தது? முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கு எழுதியது. பிறகு சிபிஐ வந்தது. 2021-இல்தான் தீர்ப்பு. கொன்றவர்களோடு காவல்துறையினரும் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. விசாரிக்க வந்தவரே கதையைத் திரித்தவர் என்ற திருப்பத்தை எந்த எழுத்தாளரும் கற்பனையில் தேட வேண்டியதில்லை. அது வழக்குக் கட்டிலேயே இருக்கிறது.

2015 ஜூனில் கோகுல்ராஜ். திருச்செங்கோடு கோவிலுக்கு ஒரு தோழியோடு போனவர் மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். கோவில் கண்காணிப்புக் கேமராவின் பதிவு, பிறழ்ந்துபோன முக்கியச் சாட்சி, விடாமல் போராடிய தாய், வழக்கறிஞர் ப.பா. மோகன் நடத்திய வாதம் எல்லாம் சேர்ந்து 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதைப் பொழுதுபோக்காகப் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு தாயின் வாழ்நாள் அது. துப்பறிதல் என்ற கலை நம் மண்ணில் உண்மையில் எங்கே உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

திரையிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2020-இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறனின் 'ஓர் இரவு'. சாய் பல்லவியும் பிரகாஷ்ராஜும் நடித்தது. அதில் கொலைகாரர் யார் என்ற புதிரே இல்லை. வளைகாப்புக்கு என்று மகளைக் கூட்டி வரும் அப்பாதான். இருந்தும் அந்த வீட்டுக்குள் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'யார்' என்ற கேள்வியை எடுத்துவிட்டால் 'எப்படி இவ்வளவு சாதாரணமாக' என்ற கேள்வி மிஞ்சுகிறது. அது இன்னும் பயங்கரமான கேள்வி.

மூன்றாவது குறை, மயானக் கொள்ளை. வடதமிழகத்தில், மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலிலும் பல ஊர்களிலும், மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் எளிய மக்களின் விழா. தொடர் அதை ஒரு மலையூருக்குக் கொண்டுவந்து கதையின் நாட்களோடு பின்னியிருக்கிறது. வேஷமும் நிறமும் இருட்டும் கண்ணைப் பறிக்கின்றன. ஒளிப்பதிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திருவிழாவுக்கும் நம் ஊரில் ஒரு வரைபடம் உண்டு. சாமியை யார் தூக்குவது, பறையை யார் அடிப்பது, ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடும். கண்டதேவியில் தேர் வடத்தை யார் தொடுவது என்பதற்காகவே தேர் பல வருடம் ஓடாமல் நின்றது. சாம்பலூர்த் திருவிழாவில் எல்லோரும் எல்லாத் தெருவிலும் ஆடுகிறார்கள். அப்படி ஓர் ஊர் இருந்தால் நான் நாளைக்கே குடிபோகத் தயார்.

இங்கே ஒரு தோழர் நியாயமாகக் கேட்கலாம். "அண்ணே, திரில்லர்னா திரில்லர்தான். அதில் போய் எல்லாவற்றையும் தேடலாமா? எடுத்தவர்களுக்கு அந்த நோக்கமே இல்லையே." சரியான கேள்வி. எல்லாத் தொடரும் சாதி எதிர்ப்புத் துண்டறிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கவலை வேறு. குற்றத் தொடர் நமக்குக் கதையை மட்டும் கொடுப்பதில்லை. எதைக் குற்றம் என்று பார்ப்பது என்ற பழக்கத்தையும் கொடுக்கிறது. அந்தப் பழக்கம்தான் என்னை ஏழெட்டு வருடம் ஒரு மனிதரிடமிருந்து முகம் திருப்ப வைத்தது. அத்தனை வருடத்தில் அந்த அறைகளைக் குத்தகைக்கு எடுத்தவர் யார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆள் ஒருவர் கிடைத்ததும் கேள்வி நின்றுவிட்டது.

சட்டமும் இதே பழக்கத்தில்தான் நடக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி அதிகபட்சம் 2 ஆண்டு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டாகியிருக்கிறது. வெடிபொருள் சட்டங்கள் தனியாக உண்டு. தண்டனை எத்தனை ஆண்டு என்பதைவிட அந்தத் தண்டனை எந்தப் படியில் நிற்பவர் வரை ஏறும் என்பதுதான் முக்கியம். போர்மேன் படியில் நின்றுவிட்டால் அடுத்த வெடிப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று பொருள்.

எங்கள் பக்கம் கேமரா வராமல் இல்லை. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தில் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைக் காட்டினார். 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் இருக்கிறார்கள். கேட்டால், காட்டினால், விடாமல் பின்தொடர்ந்தால் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. பிள்ளைகளுக்கு மாறியது அம்மாக்களுக்கும் மாற வேண்டும்.

ஆலையை மூடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. என் படிப்புச் செலவு அந்த மருந்தில்தான் வந்தது. அம்மாவிடம் வேலையை விடச் சொன்னால், "விட்டுட்டு?" என்று ஒரே வார்த்தையில் கேட்பார். என்னிடம் பதில் கிடையாது. போன மனிதர் சாயங்காலம் அதே வேனில் திரும்பி வர வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நாம் எல்லோரும் குற்றத் தொடர் பார்த்து வளர்ந்தவர்கள். துப்பறியும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் நம் மாவட்டத்தில் நடந்த ஒரு வெடிப்புச் செய்தியை வெட்டி எடுத்து வாருங்கள். அதில் ஆறு கேள்விகளுக்குப் பதில் தேடுவோம். உரிமம் யார் பெயரில்? அன்று உண்மையில் நடத்தியவர் யார்? அறையில் எத்தனை பேர்? அனுமதி இல்லாத ரகம் ஏதும் செய்தார்களா? பீஸுக்கு என்ன கூலி? கடைசியாக ஆய்வு செய்த அதிகாரி என்ன எழுதினார்? செய்தியில் பதில் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படிப்போம். வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்றத்தில் போய் உட்காருவோம். இறந்தவர் வீட்டுக்குப் போய் நிவாரணம் முழுதாக வந்து சேர்ந்ததா என்று கேட்போம். எட்டு எபிசோடில் முடியாது. எட்டு வருடம்கூட ஆகலாம்.

நான் இன்னொரு வேலையும் செய்தாக வேண்டும். அம்மாவிடம் அன்றைக்குச் சிரித்ததற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எரிகிற தீயைப் பார்த்ததும் அதற்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

ஜெய் பீம்.